ஐந்து வால்வு, மூன்று குமிழ்

ஸ்டீலி டான் குழுவின் ‘கிட் சார்லமேன்’ பாட்டில் லாரி கார்ல்டன் வாசித்த கிட்டாரைக் கேளுங்கள். கையோடு நீல் யங்கின் ‘ஹே ஹே, மை மை’ பாட்டையும், அதன் எலெக்ட்ரிக் கிட்டார் வடிவத்தில், கேட்டுவிடுங்கள். முதலாவது 1976-இல் வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் கனிந்து, தனித்தனியாக, விளிம்பில் மட்டும் லேசான கரகரப்போடு வரும். இரண்டாவது 1979. ஸ்பீக்கர் இப்போது கிழியுமா, அடுத்த அடியில் கிழியுமா என்று பயமாக இருக்கும். இரண்டு பேருக்கும் பின்னால் நின்றது ஒரே ரக ஆம்ப்: ஃபெண்டர் கம்பெனி ஐம்பதுகளில் செய்த, ட்வீட் துணி ஒட்டிய ‘டீலக்ஸ்’. பைன் மரப்பெட்டி, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஐந்து வால்வு, மூன்று குமிழ். சக்தி 12 வாட்டுக்கு முன்னே பின்னே.

ஒரே பெட்டியிலிருந்து இப்படி இரண்டு ஓசை எப்படி வருகிறது? வாசிப்பவரின் விரலுக்குத் தகுந்தபடி அந்தப் பெட்டி தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் நிகழும் இடத்தைக் காது பிடித்துவிட்டால் போதும், வால்வு ஆம்பை ரசிக்கத் தொடங்கிவிட்டீர்கள். வீட்டிலேயே ஒன்றைக் கட்டி, கட்டியதைப் பதம் பார்த்துத் திருத்துவதைவிட அதற்கு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கட்ட முடியுமா என்று தயங்க வேண்டாம். இதன் பூர்வீகமே ரேடியோ ரிப்பேர் கடைதான். லியோ ஃபெண்டர் 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ சர்வீஸ் கடை வைத்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. வால்வு கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகளில் இருந்த சர்க்யூட்டுகளை எடுத்து, ஊர்க் கலைஞர்களிடம் கொடுத்து, அவர்கள் சொன்ன குறையைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 1962-இல் லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இரண்டு எலெக்ட்ரானிக்ஸ்காரர்களை வைத்து ஃபெண்டரின் ‘பாஸ்மன்’ ஆம்பைப் பார்த்துச் செய்ததுதான் முதல் மார்ஷல். ஆக, உலகை அதிரவைத்த மார்ஷலும் பிறப்பில் ஒரு நகல்தான். நம் தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் பாடிய அதே இஎல்84 வால்வு, இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30 ஆம்பில் நான்காகச் சேர்ந்து ராக் இசை வாசித்தது. அந்த வால்வைப் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் செய்துகொண்டிருந்தது.

டீலக்ஸில் 1955 முதல் 1960 வரை வந்த வடிவத்துக்கு 5ஈ3 என்று பெயர். 5 என்றால் ஐம்பதுகள், ஈ என்பது சர்க்யூட்டின் திருத்தம், 3 என்பது டீலக்ஸின் எண். முதல் வால்வு 12ஏஒய்7. இரண்டாவது 12ஏஎக்ஸ்7, அதில் ஒரு பாதி ஓசையைப் பெருக்கும், மறு பாதி ஓசையை எதிரெதிர் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். அதை வாங்கி ஸ்பீக்கரைத் தள்ளுகிற பலசாலிகள் இரண்டு 6வி6. ஐந்தாவது 5ஒய்3, வீட்டு மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபயர். பாகங்கள் குறைவு, ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், எதைத் தொட்டாலும் ஓசை மாறும். முதல் முறை கட்டுபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பழைய ஃபெண்டர்களின் உள்ளே, அதை ஒயரிங் செய்த பெண் தொழிலாளி ஒரு துண்டு டேப்பில் தன் பெயரை எழுதி ஒட்டியிருப்பதைக் காணலாம். நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் காது

சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன், நல்ல நிலையில் இருக்கும் வால்வு ஆம்ப் ஒன்றின் முன் கிட்டாரோடு உட்காருங்கள். சத்தம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். ஆம்பின் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டு, கிட்டாரின் வால்யூமை மட்டும் மெல்லக் குறையுங்கள். நல்ல 5ஈ3 என்றால், முழுதும் திறந்திருக்கும்போது கரகரப்பாக இருந்த அதே கார்டு, பாதிக்கு வரும்போது கண்ணாடிச் சில்லாகத் தெளியும். இடையில் எந்த இடத்திலும் ‘டக்’கென்று ஒரு தாவல் இருக்கக் கூடாது. பாஸ்மனிலும் மார்ஷலிலும் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஓசையில் ஒரு பங்கைப் பின்னுக்கு அனுப்பித் திருத்திக்கொள்ளும் ‘நெகடிவ் ஃபீட்பேக்’ உண்டு. அதனால் அவை நெடுநேரம் சுத்தமாக இருந்து, பிறகு சட்டென்று உடையும். 5ஈ3-இல் அது இல்லை. சுத்தத்துக்கும் கரகரப்புக்கும் நடுவில் எல்லைக் கோடே கிடையாது. என்னைக் கேட்டால், இந்த ஆம்பின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, ஓங்கி ஒரு கார்டு அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அடித்த கணத்தில் ஓசை லேசாக அமுங்கி, அரைக் கணம் கழித்து மேலெழுந்து மலரும். காரணம் 5ஒய்3. 6வி6 இரண்டும் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது இந்த ரெக்டிஃபயருக்குள் வோல்டேஜ் சரிகிறது, பிறகு மீள்கிறது. ஆம்ப்காரர்கள் ‘சேக்’ என்பது இதைத்தான். கார்ல்டன் போல மெதுவாகத் தொட்டால் இது கிட்டத்தட்டத் தெரியாது. யங் போல அறைந்தால் பாட்டு முழுக்க இந்த அமுங்கலும் மலர்தலும்தான்.

மூன்றாவது பரிசோதனைக்குக் கர்நாடக சங்கீதம் கேட்ட காது இருந்தால் கூடுதல் லாபம். வால்வு கரகரக்கத் தொடங்கும்போது ஸ்வரத்தோடு அதன் மேல் ஷட்ஜமமும், அதற்கும் மேலே பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும். தம்புராவில் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தியதும் எழும் அந்த ஜொலிப்புக்கு உறவான சமாசாரம் இது. ஆனால் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் ஆம்ப் மூன்றாவதாக ஒன்றைத் தானே உண்டாக்கும்: இரண்டின் அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இருப்பது ஏ, 220 ஹெர்ட்ஸ். திறந்த முதல் தந்தி ஈ, ஏறக்குறைய 330. இரண்டையும் சேர்த்து அடித்தால் அடியில் 110 எழும். அதுவும் ஏ-தான், ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் ராக் கிட்டார்காரர்கள் ஸ-ப மட்டும் வைத்துக் கார்டு போட்டு, ஒரு சேனையே வருவதுபோல் முழங்குகிறார்கள்.

இப்போது அதே ஏ-யோடு இரண்டாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட், அதாவது சி ஷார்ப், அந்தர காந்தாரம். கிட்டாரின் ஃப்ரெட் கணக்கில் அது 277. வித்தியாசம் 57. ஏ-க்கும் ஒட்டாமல் வேறெதற்கும் ஒட்டாமல் அடியில் ஒரு கலங்கல் உருளும். விடாதீர்கள், மூன்றாம் தந்தியை விரலால் மிக மிக லேசாக வளையுங்கள். ஏ 220-லிருந்து 222-ஐ நெருங்கும் இடத்தில் காந்தாரம் சுத்தமாகிவிடும், கலங்கல் படிந்து, கீழே ஸ நிற்கும். சுத்தமான ஓசையில் இதைக் கேட்பது கஷ்டம். கரகரக்கும் ஆம்பில் ஸ்ருதிப் பிழை பெரிதாகத் தெரியும். டிஸ்டார்ஷன் போட்டால் தப்பு மறைந்துவிடும் என்று சொல்பவர்களை இந்தப் பரிசோதனைக்கு உட்கார வையுங்கள்.

கட்டும்போது

உயிர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிக்குள் 350 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையால் மட்டும் அளந்து, மற்ற கையைச் சட்டைப் பையில் வையுங்கள். அந்தக் காலத்து ஃபெண்டர்களில் இரண்டு பின் ஒயர்தான் இருந்தது. பழமை என்ற பெயரில் அதை நகல் எடுக்காதீர்கள். மூன்று பின், எர்த் நேராகச் சேஸிஸில். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் வாசிக்கவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இதுவரை வால்வு சர்க்யூட்டைத் தொட்டதே இல்லை என்றால், தொட்டுப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் சீரீஸ் பல்பு முறையை விட்டுவிடக் கூடாது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின் லைனில் தொடராக வைத்து, வால்வு எதையும் செருகாமல் ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் எரியாமல் பல்பு எரிந்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு, ஒயரைச் சரிபாருங்கள்.

ஆம்ப் உயிர் பெற்றதும் முதலில் கேட்பது இசை அல்ல, ஹம். இதையும் காது கொடுத்துக் கேட்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வால்வின் ஹீட்டர் ஒயரிலிருந்து கசியும் ஹம்முக்கு அதே 50. ரெக்டிஃபயருக்குப் பின்னால் ஃபில்டர் போதாமல் வருவது அதன் இரட்டிப்பு, 100. ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஆக, உங்கள் ஆம்பின் ஹம் அந்த ஜி-க்கு மிக அருகில், கொஞ்சம் கூர்மையாக ஒலித்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உறுமினால் ஹீட்டர் ஒயரைப் பாருங்கள். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இந்த ஜி கணக்கு எடுபடாது, 50 ஹெர்ட்ஸ் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த வசதி.

வால்யூமைக் கூட்டக் கூட்ட ஹம்மும் கூடினால் கோளாறு அந்தக் குமிழுக்கு முன்னால் இருக்கிறது. குமிழ் எங்கே நின்றாலும் மாறாமல் இருந்தால் பின்னால். இரண்டு 6வி6-உம் ஒரே அளவு மின்சாரம் இழுத்தால் பவர் சப்ளையின் 100 ஹெர்ட்ஸ் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும், ஜோடி பொருந்தாவிட்டால் வெளியே வரும். ஹீட்டர் ஒயர் இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையோடு கொண்டுபோங்கள். கீச்சென்று ஊளையிட்டால் ஏதோ இரண்டு ஒயர் நெருங்கி நிற்கின்றன. காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஒயராக நகர்த்திப் பார்த்தால் எந்த இடத்தில் ஊளை நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பும் குச்சியால் தட்டும்போது ‘சடசட’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பதம் பார்ப்பது

இனி மீட்டரோடு ஒரு சின்னக் கணக்கு. 6வி6 இரண்டும் சேர்ந்து தரையோடு இணைவது 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக. அதன் குறுக்கே 20 வோல்ட் காட்டினால் ஓடும் மின்சாரம் 80 மில்லி ஆம்பியர், ஒவ்வொரு வால்வுக்கும் 40. அதில் இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் ஸ்கிரீனுக்குப் போகும், மீதி பிளேட்டுக்கு. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் இடையே 330 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வால்வும் 12 வாட்டுக்கு மேல் சூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. 6வி6-இன் பழைய வரம்பே 12 வாட்தான், பிறகு அதை 14 ஆக்கினார்கள். லியோ வால்வைச் சொகுசாக வளர்த்தவர் இல்லை. உங்கள் வீட்டு மின்சாரம் 230-க்குப் பதில் 245 காட்டும் ஊர் என்றால் உள்ளே எல்லா வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். அப்போது 250 ஓமுக்குப் பதில் 270 அல்லது 300 போடுங்கள். வால்வுக்கு ஆயுசு, ஓசையில் இழப்பு மிகக் குறைவு.

பதம் பார்க்கையில் ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதை ஓரிரு நாள் வாசித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். சால்டரிங் தேவைப்படாத மாற்றத்திலிருந்து தொடங்குங்கள்: முதல் வால்வு. 12ஏஒய்7 ஓசையைப் பெருக்கும் திறன் 44, 12ஏஎக்ஸ்7-க்கு 100, இடையில் 5751 என்று ஒன்று 70. மூன்றும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். 12ஏஎக்ஸ்7 போட்டதும் எல்லோருக்கும் ஆனந்தம், எடுத்த எடுப்பில் கரகரவென்று வரும். நாலு நாள் வாசித்தால், குமிழின் முதல் கால் பங்கிலேயே எல்லாம் முடிந்துவிடுவது தெரியும். நான் சொன்ன அந்த எல்லையில்லாத இடைவெளி சுருங்கிவிடும். திரும்ப 12ஏஒய்7-க்கு வாருங்கள்.

5ஈ3 மீது எல்லோரும் சொல்லும் புகார், அடித் தந்திகள் கொழகொழவென்று இருப்பது. ஆறாம் தந்தியைத் திறந்து ஓங்கி அடித்தால் ஓசை ஒரு கணம் தொண்டையில் சிக்கியதுபோல் அடைத்துப் பின் வரும். இது வெறும் பேஸ் அதிகம் என்ற சமாசாரம் இல்லை. 6வி6-க்கு முன்னால் நிற்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட். பலமான ஓசை வரும்போது 6வி6-இன் கிரிட் மின்சாரத்தை உறிஞ்சி அந்தக் கெப்பாசிட்டரை நிரப்பிவிடுகிறது. அது 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வடியும்வரை வால்வு வாயை மூடிக்கொண்டிருக்கும். 0.1-ஐ 220 கிலோ ஓமால் பெருக்கினால் 22 மில்லி செகண்ட். அதை 0.022 ஆக்கினால் 5 மில்லி செகண்டுக்கும் கீழே. அடைப்பு நீங்கும், பேஸும் கொஞ்சம் இறுகும். இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த அடைப்பையே விரும்புகிறவர்கள் உண்டு, யங்கின் ரசிகர்களில் பாதிப்பேர் அந்தக் கட்சி.

ரெக்டிஃபயரையும் மாற்றிப் பார்க்கலாம். ஜிஇசட்34 போட்டால் உள்ளே வோல்டேஜ் குறைவாகவே சரியும், அமுங்கல் குறையும், அடி நறுக்கென்று விழும். கூடவே 6வி6-க்கு வோல்டேஜ் ஏறும் என்பதால் மேலே போட்ட கணக்கை மறுபடி போடாமல் செய்யக் கூடாது.

இவை எதையும் மாற்றாமலே பல ஓசைகள் இந்த ஆம்பில் ஒளிந்திருக்கின்றன. இரண்டு சேனல், இரண்டு வால்யூம். இரண்டும் நடுவில் ரெசிஸ்டர் தடுப்பு இல்லாமல் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், நீங்கள் வாசிக்காத சேனலின் குமிழைத் திருப்பினாலும் ஓசை மாறும். கிட்டாரை ஒரு சேனலில் செருகி, அதன் வால்யூமை நடுவில் வைத்து, மற்றதை 1-லிருந்து 12 வரை (ஆமாம், ட்வீட் ஃபெண்டரில் எண் 12 வரை போகும்) மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். சர்க்யூட் பாடம் படித்தவர் இதைக் கோளாறு என்பார். நீல் யங் இதற்காகவே ‘விஸ்ஸர்’ என்று ஒரு கருவி செய்துவைத்திருக்கிறார். காலால் பொத்தானை அமுக்கினால் ஆம்பின் மேலே இருக்கும் மோட்டார்கள் நிஜமாகவே குமிழ்களைத் திருப்பி, குறித்துவைத்த எண்ணில் நிறுத்தும். முன்னால் பெடல் வைத்துப் பெறும் ஓசையும் குமிழ் திரும்பிப் பெறும் ஓசையும் ஒன்றல்ல என்று அவ்வளவு பிடிவாதம்.

பணம் செலவழிக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் தோய்த்த காகிதக் கெப்பாசிட்டர், அறுபதாண்டு பழைய கார்பன் ரெசிஸ்டர் என்று விலை சொல்வார்கள். ஒரே மதிப்புள்ள இரண்டு நல்ல கெப்பாசிட்டர்களை, எது எது என்று தெரியாதபடி நண்பரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பர்ஸ் தானாக மூடிக்கொள்ளும். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்று செய்யப்படும் வால்வுகளே தாராளமாகப் போதும். ஸ்பீக்கர் அப்படியல்ல. 5ஈ3-இல் இருந்த ஜென்சன் பி12ஆர் அல்நிக்கோ காந்தம் போட்டது, பலம் குறைந்தது, தானும் கொஞ்சம் கரகரக்கும். அதை எடுத்துவிட்டுக் கனத்த காந்தம் போட்ட நவீன ஸ்பீக்கரை வைத்தால், நீங்கள் மாதக்கணக்கில் பதம் பார்த்ததெல்லாம் வேறு ஆம்பாகிவிடும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 3 டெசிபல் கூடினால், ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 100 டெசிபல் ஸ்பீக்கரில் இந்த 12 வாட் ஒரு கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசை வரை போகும். அடுக்குமாடி வீட்டில் வாசிப்பவர் 94 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் ஆம்ப் கால் பங்கு சக்தியோடு நிற்பதுபோல் இருக்கும், குமிழையும் தைரியமாக நடுவுக்கு மேல் ஏற்றலாம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே காதை வைத்துக் கேட்காதீர்கள், 12 அங்குலக் கூம்பு மேல் ஸ்வரங்களை ஒரே நேர்க்கோட்டில் பீய்ச்சும். பெட்டியின் முதுகு திறந்தது, பின்பக்கமும் பாடும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்து, கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசியுங்கள். சுவரை ஒட்டினால் பேஸ் கூடும், தள்ளினால் குறையும், கொழகொழப்புக்கு இதுவும் ஒரு மருந்து, செலவில்லாதது. அப்படியும் மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டினால், பயன்படுத்தாத சேனலின் குமிழைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு சமரசம் கிடைக்கும்.